கொடி சுவரைத் தொட வேண்டாம், பந்தல் தன் காலில் நிற்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுத் தோட்டத்தைப் பந்தலும் வளைவும் கொடியும் வைத்து அழகுபடுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அதில் சொன்ன மூன்று யோசனைகளை அப்படியே எடுத்துச் செட்டிநாட்டு வீட்டில் செய்தால் முதலில் சுவர் போகும், பிறகு ஓடு போகும், கடைசியில் கொடியும் போகும். பழைய சுவரில் ஒட்டுக்கொடி ஏற்றலாம் என்பது ஒன்று. கடையில் விற்கும் மெல்லிய இரும்பு வளைவை வாசலில் நட்டு ரங்கூன் மல்லியைப் படரவிடலாம் என்பது இன்னொன்று. வளவுக்கு, அதாவது வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றத்துக்கு, மேலே வலை கட்டிக் கொடியால் மூடலாம் என்பது மூன்றாவது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். ஆடிப்பட்டத்துக்கு முன் அச்சில் வந்தால் சில வீடுகளுக்காவது உதவும்.

முதலில் சுவர். இங்குள்ள பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. சுவரின் பளபளப்பு முழுவதும் அந்த மெல்லிய மேல்தோலில்தான் இருக்கிறது. ஒட்டுக்கொடி என்று நர்சரியில் கொடுக்கும் ஃபைக்கஸ், தண்டு நெடுகச் சின்னச் சின்ன வேர் விட்டு அந்தத் தோலைக் கவ்வும். சிமெண்ட் பூசிய காம்பவுண்டுச் சுவரில் ஏறினால் பெரிய கேடில்லை. சுண்ணாம்புப் பூச்சில் ஏறிவிட்டால், வேண்டாம் என்று பின்னால் இழுக்கும்போது பூச்சும் கூடவே பெயர்ந்து வரும். பெயராத இடத்தில் காய்ந்த வேர் பழுப்புக் கோடாக நிற்கும். அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் பளபளப்பு போய்விடும்.

வேரைவிட ஈரம் மோசம். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயிலிலும் காற்றிலும் வெளியே விடுகிற சுவர். இலை மூடிய இடத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் தை பிறந்தும் காயாது. உப்புப் பூக்கும், பூச்சு பொருமும், உதிரும். உதிர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைப்பது அதற்குமேல் செய்கிற தப்பு. சிமெண்ட் வழியே வெளியேற முடியாத ஈரம் ஓரத்தில் நல்லபடியாக இருக்கிற சுண்ணாம்பையும் தள்ளிவிடும். சரி, கொடியை நேரே ஏற்றாமல் சுவரில் போல்ட் அடித்துச் சட்டம் மாட்டலாமே என்பார்கள். பழைய காரை மெத்தென்று இருக்கும். விரிந்து பிடிக்கிற போல்ட்டை முறுக்க முறுக்க, பிடிப்புக் கிடைப்பதற்குள் செங்கல் விண்டுவிடும். பிடித்தது போலிருந்தாலும் ஆடிக்காற்றில் கொடி ஆடுகிற ஆட்டத்தில் துளை பெரிதாகும்.

ஆகவே பழைய சுவருக்குப் பக்கத்தில் கொடி வேண்டுமென்றால் சட்டம் தனியாகத் தரையில் நிற்க வேண்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் ஒன்றரை அடி இடைவெளி. ஓர் ஆள் பக்கவாட்டாக நுழைந்து பின்பக்கக் கிளையை நறுக்க அந்த இடம் வேண்டும். செடிக்குழி சட்டத்துக்கு வெளிப்பக்கம், அதாவது சுவரிலிருந்து இரண்டரை அடியில். அப்போதுதான் ஊற்றுகிற தண்ணீர் அஸ்திவாரத்துக்குப் போகாது. சட்டத்தின் தலை, ஓட்டுச் சாய்ப்பின் நுனியிலிருந்து மூன்றடியாவது கீழே நிற்கட்டும். ஓட்டைத் தொட்ட கொடி ஓட்டுக்கு அடியில் தலையை நுழைக்கும். தண்டு பருக்கப் பருக்க ஓடு தூக்கிக்கொள்ளும். அது தெரியவருவது அடுத்த மழையில், வீட்டுக்குள் ஒழுகும்போதுதான். சிமெண்ட் பூசிய புதிய சுவர் என்றால் தாங்கி வைத்துச் சட்டம் மாட்டலாம். அங்கேயும் மெல்லிய கொடிக்கு நாலு இஞ்ச், மரம்போல் பருக்கும் கொடிக்கு ஒன்பது இஞ்ச் இடைவெளி விட வேண்டும்.

எந்தக் கொடிக்கு என்ன சட்டம் என்பது அது எப்படி ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. கட்டுரையில் இது இல்லவே இல்லை. பாகல், பீர்க்கு, புடல், கோவை எல்லாம் பற்றுக்கம்பி என்கிற மெல்லிய சுருளை நீட்டிப் பிடிப்பவை. பிடிக்கிற கம்பு பென்சில் கனத்துக்கு மேல் போனால் அந்தச் சுருளால் சுற்ற முடியாது. இரண்டு இஞ்ச் குழாயின் அடியில் பாகலை நட்டுவிட்டு, ஏறவே மாட்டேன் என்கிறது என்று சொல்வதில் பயனில்லை. குழாயை ஒட்டி ஒரு கயிறு தொங்கவிட்டால் ஒரே வாரத்தில் மேலே போய்விடும். சங்குப்பூ தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும். அதற்குச் சுண்டுவிரல் கனக் குச்சி நல்லது. ரங்கூன் மல்லி கிளைக்குள் கிளையை நுழைத்துச் சாய்ந்து ஏறுகிற ஜாதி. இலை உதிர்ந்த பிறகு அதன் காம்பின் அடி காய்ந்து முள்ளாக நிற்கும், அதுதான் கொக்கி. மனோரஞ்சிதத்துக்குப் பூக்காம்பே கொக்கி. காகிதப்பூ முள்ளால் மாட்டிக்கொள்ளும், தானாகச் சுற்றாது, நாம்தான் கட்ட வேண்டும். முல்லையும் பிச்சியும் அரைகுறையாகச் சுற்றும். கட்டிவிடாவிட்டால் தங்கள் மேலேயே விழுந்து புதராகும்.

இனிப் பந்தல். கொல்லையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்வோம். நாலு மூலைக்கும் கல்கால் போட்டால் அடுத்த தலைமுறைக்கும் கவலையில்லை. பத்தடி நீளம், ஐந்து இஞ்ச் சதுரக் கருங்கல் ஒன்று நூற்று முப்பது கிலோ வரும். இறக்க நாலு ஆள் வேண்டும். இரண்டடி மண்ணுக்குள், எட்டடி மேலே. எட்டடி எதற்கென்றால், படர்ந்த கொடி ஓர் அடி, ஒன்றேகால் அடி கீழே தொங்கும். ஏழடியில் போட்டால் பூ தலையில் இடிக்கும், புடலங்காய் முகத்தில் இடிக்கும். குழி ஒன்றேகால் அடிச் சதுரம், இரண்டடி ஆழம். நம் பக்கத்துச் செம்மண்ணில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளையோ செம்புராங்கல்லோ தட்டும். கடப்பாரை போகவில்லை என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நாலு என்ற கலவையில், கல்கால் அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டால், நாலு குழிக்கும் சேர்த்து இரண்டு மூட்டை சிமெண்ட், ஐந்து கன அடி மணல், பத்து கன அடி முக்கால் இஞ்ச் ஜல்லி சரியாக இருக்கும். மேல்முகத்தைத் தரைக்கு இரண்டு இஞ்ச் உயர்த்தி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். கம்பி இழுப்பது பதினைந்து நாளுக்குப் பிறகுதான்.

பெரும்பாலான பந்தல்கள் கெடுவது கம்பி இழுப்பதில்தான். வயலில் போடுகிற பந்தலில், ஓரத்துக் காலுக்கு வெளியே இழுவைக் கம்பி கட்டிக் கல் புதைத்திருப்பார்கள். உள்ளே இழுக்கிற விசையை அது வாங்கிக்கொள்ளும். வீட்டுக் கொல்லையில் அப்படிக் கட்டினால் நடக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று அதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் விறைப்பாக இழுத்தால் நாலு காலும் உள்ளே சாயும். அதற்கு மாற்று, தலையில் குழாய்ச் சட்டம். ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. குழாய் (நாகப்பூச்சு, அதாவது துத்தநாகப் பூச்சு உள்ள இரும்புக் குழாய்), நடுத்தரக் கனம், இருபதடி நீளத்தில் நாலு போதும். மூன்றில் பன்னிரண்டடி வெட்டினால் மூன்று எட்டடித் துண்டு மிச்சம். நாலாவதை இரண்டாக வெட்டினால் இரண்டு பத்தடி. பன்னிரண்டடியில் இரண்டும் பத்தடி இரண்டும் சுற்றுச்சட்டம். மூன்றாவது பன்னிரண்டடி நடுவில் நெடுக்கே போகும். மிச்சத் துண்டுகள் இரண்டில் ஐந்தடி வெட்டி நடுக்குழாயின் இருபக்கமும் குறுக்கே வைத்தால் சட்டம் முடிந்தது. குழாய் இருபதடிக்கு ஓரிரு இஞ்ச் குறைவாகத்தான் வரும், கால் நடுவதற்கு முன்பே குழாயை அளந்துகொள்ளுங்கள்.

இந்த நடுக்குழாயைத்தான் செலவு என்று தவிர்ப்பார்கள். அடிக்கு ஒன்றாகக் கட்டுகிற பதினொரு கம்பியும் சேர்ந்து பத்தடிப் பக்கத்துக் குழாயை உள்ளே இழுக்கும்போது, நடுவில் முட்டுக் கொடுக்க ஏதுமில்லை என்றால் குழாய் வில்லாக வளைந்துவிடும். வளைந்ததும் கம்பி தளரும், தளர்ந்த இடத்தில் கொடி தொட்டில் கட்டும், தொட்டிலில் மழைத்தண்ணீரும் சருகும் சேர்ந்து அழுகும்.

கல்காலின் தலையில் மூன்று இஞ்ச் ஆழத்துக்குத் துளை போட்டு 12 மி.மீ. முறுக்குக் கம்பித் துண்டைச் சிமெண்ட் பாலில் நட்டு, அதன் மேல் சட்டத்தை வைத்துப் பற்ற வைக்கலாம். பற்ற வைத்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஜிங்க் பிரைமர் இரண்டு கை அடிக்க வேண்டும். குழாய் முனைகளுக்கு மூடி போடாமல் விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே நின்று துரு பிடிக்கும், இல்லாவிட்டால் குளவி குடியேறும். கொடி படர்கிற கம்பி 14 கேஜ் ஜி.ஐ., அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும். முடிச்சுக்கு விடுவதையும் சேர்த்துச் சுமார் 310 அடி, எடையில் இரண்டரைக் கிலோ. கையால் அழுத்தினால் ஓர் இஞ்ச் இறங்குகிற விறைப்பு போதும். வீணைத் தந்தி போல இழுக்க வேண்டியதில்லை. குறுக்கும் நெடுக்கும் சேருகிற இடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாவது மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள்.

கல்காலுக்கு இடமோ பணமோ இல்லாதவர்களுக்குச் சவுக்கும் மூங்கிலும் இருக்கின்றன. சவுக்கு, மண்ணும் காற்றும் சேருகிற இடத்தில்தான் இற்றுப்போகும். புதைக்கிற பகுதியும் அதற்கு மேல் அரை அடியும் நன்றாகத் தார் பூசி நட்டாலும் சில வருடத்தில் மாற்ற வேண்டும் என்று தெரிந்தே நடுங்கள். கரையான் உள்ள ஊரில் காலைச் சுற்றிச் சருகு குவிக்காதீர்கள். மூங்கிலுக்கு எதிரி துளைப்பான் வண்டு. கீழே மாவு கொட்டியிருந்தால் அது வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிலோ வெண்காரம் (போராக்ஸ்), இரண்டு கிலோ போரிக் அமிலம் கரைத்து, கணுத்தடுப்புகளைக் கம்பியால் குத்தித் திறந்த மூங்கிலை ஒரு வாரம் முழுக ஊறப்போட்டால் வண்டு அண்டாது. ஆனால் இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறக் கூடியது. நிழலில் காய்ந்த பிறகு வார்னிஷோ பெயிண்ட்டோ இரண்டு கை பூசாமல் வெளியே வைத்தால் ஊறப்போட்டதே வீண்.

மூங்கில் தட்டிக்குக் குறுக்குச் சட்டத்தை ஆணி அடித்துப் பிளக்காமல் கயிற்றால் கட்டுங்கள். ஆறடி உயரத் தட்டிக்கு ஆறு முதல் எட்டு இஞ்ச் கட்டம் சரி. மெல்லிய தட்டியில் இன்னொரு தொல்லை மயில். நாலைந்து கிலோ எடை உச்சிக் குச்சியில் வந்து உட்கார்ந்தால் தட்டி ஒடியும். மயில் நடமாட்டம் உள்ள ஊரில் மேல்சட்டத்துக்கு மட்டுமாவது ஒன்றரை இஞ்ச் கனத்த மூங்கில் போடுங்கள். மொட்டு கொத்துவதற்கு எங்களிடம் மருந்து கிடையாது.

இடித்த வீட்டு மரமும் இரும்பும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கும். வீடு இடிபடுவதில் எங்களுக்குச் சந்தோஷமில்லை. இடித்தது இடித்ததாகிவிட்ட பிறகு அந்தச் சாமான் வெளியூர் ஹோட்டலுக்குப் போவதைவிட உள்ளூர்க் கொல்லையில் நிற்பது மேல். தேக்குத் தூணை மண்ணில் புதைக்காதீர்கள், பர்மாத் தேக்கானாலும் அதே சொல்தான். கல் பீடத்தின் மேல், தரையிலிருந்து மூன்று இஞ்ச் தூக்கி நிறுத்த வேண்டும். பழைய ஜன்னல் கம்பிச் சட்டத்தைக் கொடித்தட்டியாக்குவதும் அழகுதான். ஆனால் அதில் கம்பிகள் நெட்டுக்குத்தாக மட்டும் இருக்கும். வழவழப்பான கம்பியில் சுற்றிய சங்குப்பூ, மழை பெய்து பாரம் ஏறியதும் கீழே சரிந்து குவியும். அடிக்கு ஒரு வரிசை கயிறு குறுக்கே கட்டினால் சரியாகிவிடும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள், அதன்மேல் கோவை, பசலை போன்ற உண்ணுகிற கொடியையும் ஏற்றாதீர்கள்.

வாசல் வளைவுக்கு வருவோம். பெட்டியில் அடைத்து விற்கிற வளைவுகள் பெரும்பாலும் அரை இஞ்ச் கனமுள்ள மெல்லிய தகடுக் குழாய். ஒரு முழம் மண்ணில் குத்தி நிறுத்தச் சொல்வார்கள். சங்குப்பூவுக்கு அது போதும். ரங்கூன் மல்லிக்கு ஆகவே ஆகாது. அது சில வருடத்தில் தண்டு நன்றாகப் பருத்து, கூரைமேல் போகிற கொடி. வேரிலிருந்து பக்கக்கன்று விட்டு நாலைந்து அடி தள்ளித் தரையைப் பிளந்துகொண்டு வரும். மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் சிவக்கும் அந்தப் பூவும் வாசமும் யாருக்கும் பிடிக்கும். அதற்குக் கல்கால் பந்தலைக் கொடுங்கள். வளைவு வேண்டுமென்றால் உள்ளகலம் நாலரை அடி, உயரம் எட்டடி, ஆழம் இரண்டடி. ஒன்றேகால் இஞ்ச் குழாயில் செய்து, நாலு காலையும் ஒன்றரை அடி கான்கிரீட்டில் நட வேண்டும். காகிதப்பூவை வாசல் வளைவில் ஏற்றச் சொல்வதும் எங்களுக்குச் சம்மதமில்லை. முள், கண்ணுயரத்தில். வளைவுக்கு ஏற்றது முல்லை, பிச்சி, அல்லது பூண்டு வாசமுள்ள பூக்கொடியான பூண்டுக்கொடி.

இன்னொன்று. முகப்புக்கு நேரே நிலையான பந்தலோ வளைவோ வைப்பதற்கு முன், வீட்டில் கல்யாணம் உண்டா என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டகை போடுகிற இடத்தில் கல்காலை நட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பிடுங்கச் சொன்னால் கான்கிரீட் சும்மா வராது. பக்கவாட்டுச் சந்தும் கொல்லையும்தான் பந்தலுக்கு இடம். அதிலும் மேற்குப்பக்கம் போட்டால் சித்திரை, வைகாசிப் பிற்பகல் வெயிலைச் சுவரில் படாமல் தடுக்கும்.

பந்தலுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. அது நிழலில் கால்பட்டு, துடைக்கத் துடைக்க மெருகேறுகிற தரை. பூவும் ஈரச் சருகும் விழுந்து கிடக்கிற இடத்தில் கறை இறங்கிவிடும், கார்த்திகையில் பாசி பிடித்து வழுக்கும். வெளியே கொத்திய கருங்கல் பலகை போடுங்கள்.

நடுவது புரட்டாசி மழைக்கு முன் என்றால் பூக்கொடிக்கு நல்லது. காய்க்கொடிக்கு ஆடிப்பட்டம் தேடி விதைப்பதே சரி, தவறினால் தைப்பட்டம். குழி ஒன்றரை அடிக் கனம். காலின் கான்கிரீட்டை ஒட்டாமல் ஓர் அடி தள்ளி எடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு. பச்சைச் சாணி போட்டால் கரையானுக்கு விருந்து.

பழைய வீட்டுக் கொல்லையில் தோண்டும்போது வெள்ளையாகக் காரைத்துண்டு வருகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மல்லிகை, முல்லை ஜாதி மஞ்சளாகிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எப்போதோ இடித்த சுவரின் சுண்ணாம்பு மண்ணில் கலந்து காரத்தன்மை கூடிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அடையாளம், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் சாணி வைப்பார்கள், மஞ்சள் மாறாது. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று முறை. ஆனால் குழியில் காரை இருக்கும்வரை மறுபடி மஞ்சள் வரும். இரண்டடிச் சதுரத்துக்குத் தோண்டிக் காரையை அள்ளிப்போட்டு, கண்மாய்க் கரைப்பக்கத்து நல்ல மண் போட்டு நடுவதுதான் தீர்வு.

ஏற்றுவதில் ஒரே விதி. பந்தலைத் தொடுகிறவரை ஒரு தண்டு. இடையில் வரும் பக்கக்கிளை எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். பந்தலுக்கு மேல் அரை அடி போனதும் நுனியைக் கிள்ளி, வருகிற கிளைகளை எதிரெதிர்த் திசையில் கம்பிமேல் படுக்க வையுங்கள். முதல் கோடையில் ஜி.ஐ. குழாய் கொதிக்கும். பட்ட இளநுனி கருகும். தண்டு தொடுகிற இடத்தில் தேங்காய்நார்க் கயிற்றைக் குழாயின்மேல் சுற்றிவிட்டால் போதும். கட்டுவதற்கு வாழைநார் அல்லது பழைய வேட்டிக் கிழிசல். சட்டத்தை ஒரு சுற்று, தண்டை ஒரு சுற்று என எட்டுப்போல் போட்டு, ஒரு விரல் நுழைகிற தளர்வு விட வேண்டும். கம்பியாலோ நைலானாலோ கட்டினால் பருக்கும் தண்டை அது அறுத்துவிடும். கட்டுக்கு மேல் தண்டு வீங்கியும் கீழே மெலிந்தும் இருந்தால் உடனே அவிழுங்கள்.

நைலான் கொடிவலையும் எங்களுக்குப் பிடிக்காத சாமான். ஒன்றிரண்டு வருட வெயிலில் பொடியாகும். காய்ந்த கொடியைப் பிரித்தெடுக்க முடியாது. எலி பிடிக்க வருகிற சாரைப்பாம்பு அதில் மாட்டிச் சாகிறது. நார்க்கயிற்றில் பின்னிக்கொண்டால் பட்டம் முடிந்ததும் கொடியோடு அறுத்து எருக்குழியில் போடலாம். பாம்பு என்றதும் மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வரும் என்ற பேச்சு நினைவுக்கு வரும். பூவுக்காகப் பாம்பு வருவதில்லை. தரையோடு அடர்ந்த புதரில் எலி தங்கும், எலிக்காகப் பாம்பு வரும். அடியில் இரண்டடிக்கு இலையை எடுத்து வெளிச்சம் தெரியும்படி வைத்துக்கொண்டு மனோரஞ்சிதத்தைத் தாராளமாக வளர்க்கலாம். அரைநிழல் போதும், பூ பச்சையிலிருந்து மஞ்சளாகும்போதுதான் வாசம், பொறுமை வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, வேரின் இருபக்கமும் மணிக்கு நாலு லிட்டர் சொட்டுவான் ஒவ்வொன்று வைத்து, கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் விட்டால் இளங்கொடிக்கு எட்டு லிட்டர் கிடைக்கும். காகிதப்பூவுக்கு வேர் பிடித்த பிறகு இது அதிகம். வாடத் தொடங்கும்போது ஊற்றுங்கள், காய்ந்தால்தான் அது பூக்கும். இலை மட்டும் தளதளவென்று வந்தால் தண்ணீரையும் சாணியையும் குறையுங்கள்.

நறுக்குவதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். முல்லையை ஜனவரிக் கடைசியில் நறுக்கினால் பங்குனிக்கு மேல் புதுத்தளிரில் பூ வரும். பந்தல் முல்லையை வயலில் போல முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டியதில்லை. கம்பிமேல் படுத்திருக்கிற முதுகிளைகளை வைத்துக்கொண்டு அதிலிருந்து போன பழைய குச்சிகளை எடுத்தால் போதும். காகிதப்பூவை ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் நுனி நறுக்குங்கள். எந்தக் கொடியானாலும் புரட்டாசி முடிவதற்குள் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட வேண்டும். நனைந்த இலைப்பாரமும் காற்றும் சேர்ந்தால் பந்தல் பாய்மரமாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

வளவின் மேல் கொடி மூடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளவு திறந்திருப்பது வெளிச்சத்துக்கும், வீட்டுச் சூடு மேலே போவதற்கும், ஓட்டுத்தண்ணீர் இறங்கி ஓடுவதற்கும். சருகு விழுந்தால் தகர வாரியும் தரைத்தூம்பும் அடைபட்டு, ஒரு பெருமழையில் தண்ணீர் வளவை ஒட்டி உயர்ந்திருக்கிற பட்டாலைக்கு ஏறும். பசுமை வேண்டுமென்றால் தொட்டியில் நார்க்கம்பம் நட்டு மணி பிளான்ட்டை ஏற்றி, வளவைச் சுற்றியுள்ள தூண் வைத்த நடையான பத்தியின் ஓரத்தில் வையுங்கள். மரத்தூணில் ஏற்றாதீர்கள், அதன் வேரும் ஒட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இணைப்பில் கொடியின் படம் போடும்போது, அது முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி போகும், எதைப் பிடித்து ஏறும் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நர்சரிக்காரர் அரை அடிக் கன்றைத்தான் காட்டுவார். அதே கட்டுரையில் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அலமாண்டாவும் செங்காந்தளும் அழகு என்று இருந்தது. அலமாண்டாவின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். செங்காந்தள் நம் மாநில மலர், ஆனால் கிழங்கு முதல் விதை வரை கொடிய விஷம். குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம் என்பதையாவது அடுத்த இணைப்பில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பந்தல் வேலை, தோட்ட வேலை செய்வோர் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.